வெளி என்பது வெறுமையோ?

ஐம்பெரும்பூதங்களுள் நான்கினைக் கண்டும் தொட்டும் அறிகின்றோம். நிலத்தின்மேல் நிற்கின்றோம், நீரைப் பருகுகின்றோம், தீயிற் சமைத்து உண்கின்றோம், காற்றை மூச்சாக இழுத்து விடுகின்றோம். ஐந்தாவதாகிய ஆகாயத்தை மட்டும் எவரும் கையால் அளைந்ததில்லை. தலைக்குமேல் நீலமாகத் தோன்றுவதை வானம் என்று சுட்டுகின்றோமே எனின், அந்நீலம் ஆகாயத்தின் நிறமன்று. கதிரவன் ஒளி காற்று மண்டலத்திற் பட்டுச் சிதறும்பொழுது நீலக்கதிர்கள் மிகுதியாகச் சிதறுதலால் உண்டாகும் தோற்றமே அது. காற்றில்லாத நிலவில் 1969-இல் இறங்கி நின்றோர்க்குப் பகலிலும் வானம் கரியதாகவே காணப்பட்டது. ஆகவே, நாம் வானம் என்று காட்டுவதும் காற்றின் கோலமேயன்றி ஆகாயம் அன்று.

ஐம்பூதத் தலங்களை வழிபட்டு வருவோர் இவ்வேறுபாட்டினை நேரே உணர்வர். காஞ்சியில் இறைவன் மண்ணாலாகிய திருமேனியன். ஆனைக்காவில் கருவறையில் நீர் ஊறும். அண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் மலைமேல் எரியும். காளத்தியிற் கருவறை விளக்கொன்றின் சுடர் அசைந்தவாறிருக்கும். தில்லையிலோ, ஆடவல்லானின் வலப்பக்கத்தே ஒரு திரை. அத்திரையை விலக்கித் தீட்சிதர் தீபங்காட்டும்பொழுது பொன்னாலாகிய வில்வமாலைகள் தொங்குகின்றன. அவற்றின் பின்னே உருவம் என்று ஒன்றும் இல்லை. சிதம்பர இரகசியம் எனப் பெயர்பெற்றது இவ்விடமே.

மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்திற்கும் வந்து குழுமுவோர், இக்காட்சியைக் கண்டு வெளிவருங்கால் பேசிக்கொள்வன பெரும்பாலும் இருவகைப்படும். "அங்கே ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாமைதான் கடவுள்" என்பர் ஒரு சாரார். "ஒன்றுமில்லாததற்குத் திரை எதற்கு, தீபம் எதற்கு?" என்று கேட்பர் மற்றொரு சாரார், இவருட் பலர் கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகள். முன்னவர் பத்தியாலும் பின்னவர் ஐயத்தாலும் பேசுகின்றனர். ஆயினும் இருவர் பேச்சிற்கும் அடிப்படை ஒன்றே: வெளி என்றால் ஒன்றுமின்மை என்னும் துணிபு அது. இத்துணிபு சரியானதா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது. நாம் வணங்குவது உள்பொருளையா, இல்பொருளையா என்னும் வினா இதனுள் அடங்கியிருத்தலின், இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளுதற்கில்லை.

முதற்கண் சொற்களை நோக்குவோம். வான், விசும்பு, வெளி, அம்பரம் எனத் தமிழில் இதற்குப் பெயர்கள் பல. நிலம் முதலிய ஐந்தும் கலந்த மயக்கமே உலகம் என்று கூறும் தொல்காப்பிய மரபியல், விசும்பினையும் அவ்வைந்தனுள் ஒன்றாக எண்ணுகின்றது. கலப்பில் ஒரு பங்காக நிற்பது இல்பொருளாதல் எங்ஙனம்? திருமாலைப் போற்றும் பரிபாடலின் இரண்டாம் பாட்டோ, படைப்பின் ஊழிகளை வரிசைப்படுத்துங்கால், ஓசைக்குரிய வானம் தோன்றி நின்ற ஊழியை முதலில் வைத்து, அதன்பின் காற்று, தீ, நீர், நிலம் என்று இறங்குகின்றது. வானம் எக்காலத்தும் சும்மா கிடந்தது என்று அப்பழம்புலவர் கருதவில்லை. அதற்கும் ஒரு பிறப்பு உண்டு என்றே கருதினார். அம்பரம் என்னும் சொல்லுக்கு ஆகாயம் என்னும் பொருளோடு ஆடை என்னும் பொருளும் உண்டு என்பதை இவ்விடத்தே நினைவிற் கொள்ளலாம். திரையும் அம்பரம், திரைக்கு அப்பாலுள்ளதும் அம்பரம்!

இனி, இப்பூதத்தை உள்பொருள் எனக் கொள்ளாத சமயங்களும் நம் நாட்டில் இருந்தன. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் முதலில் மறுக்கப்படுவோன் உலோகாயதன். கண்டதே காட்சி என்னும் கொள்கையன் ஆதலின் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கே அவனுக்குப் பூதங்கள். பௌத்தருட் சௌத்திராந்திகர், தடுக்கும் பொருள் இன்மையே ஆகாயம் எனப்படுகின்றது, அது தனிப்பொருள் அன்று என்றனர். இவர்க்கு நேர்மாறாக நியாய வைசேடிகர், ஆகாயம் ஒன்று, எங்கும் நிறைந்தது, பகுதி அற்றது, ஆதலின் தோற்றமும் அழிவும் இல்லாத நித்தப்பொருள் என்றனர்.

சித்தாந்த சைவம் இவ்விரு கரைகளிலும் ஒதுங்காது நடுவே செல்கின்றது. ஆகாயம் உண்டு; ஆனால் அது நித்தம் அன்று.

உண்டு என்பது எங்ஙனம்? "இங்கே பறவை பறக்கின்றது, அங்கே பறக்கவில்லை" என்கின்றோம். வெளி என்பது வெறும் இன்மையாயின் இன்மைக்கு இங்கு, அங்கு என்னும் பாகுபாடு வாராது. மேலும், மனவாசகங் கடந்தார் வினாவும் விடையுமாக இயற்றிய உண்மை விளக்கம் ஐம்பூதங்களுக்கும் வடிவம், நிறம், எழுத்து, தெய்வம், தொழில் என்பவற்றை வகுத்துரைக்கின்றது. நிலத்திற்கு நாற்கோணமும் நீருக்குப் பிறையும் தீக்கு முக்கோணமும் காற்றிற்கு அறுகோணமும் கூறி, வானுக்கு வட்டமும் புகை நிறமும் அகர எழுத்தும் சதாசிவர் என்னும் அதிதெய்வமும் கூறுகின்றது. இவற்றை வழிபாட்டுக்குரிய குறியீடுகளாகக் கொண்டு மேற்செல்வோம். நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது தொழிலே. நிலம் கடினமாய்த் தாங்கும், நீர் நெகிழ்ந்து பதஞ்செய்யும், தீ சுடும், காற்றுச் சலிக்கும், வான் இடங்கொடுக்கும். இடங்கொடுத்தல் என்பது ஒரு தொழில். தொழிலுடையது பொருளாகவே இருத்தல் வேண்டும். மலடி மகன் எவர்க்கும் திண்ணையில் இடம் ஒதுக்கித் தருவதில்லை.

நித்தம் அன்று என்பது எங்ஙனம்? சைவம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களில் ஆகாயம் மேல்வரிசையிற்கூட இல்லை. சிவ தத்துவம் ஐந்து, வித்தியா தத்துவம் ஏழு, ஆன்ம தத்துவம் இருபத்து நான்கு. இவ்விருபத்து நான்கின் கடைப்பகுதியில் நிற்பவை பூதங்கள் ஐந்தும். அசுத்த மாயையிலிருந்து காலம், நியதி, கலை என்பன தோன்றும், கலையின் வழியே மூலப்பகுதி, அதிலிருந்து குணமும் புத்தியும், புத்தியிலிருந்து அகங்காரம். அகங்காரம் மூவகையாய்ப் பிரிந்து, அவற்றுள் பூதாதி என்னும் கூற்றிலிருந்து ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்னும் தன்மாத்திரைகள் வெளிப்படும். அவற்றுள் ஓசையிலிருந்து வருவது ஆகாயம். எனவே அதற்குத் தாயுண்டு, பாட்டியுண்டு, முப்பாட்டியும் உண்டு. சடமாயும் பலவாயும் உள்ளவை எல்லாம் காரியமே ஆம் என்னும் நியாயத்தால், நான்கு பூதங்கள் தோன்றி ஒடுங்குமாயின் ஐந்தாவதற்கு மட்டும் விலக்கு இல்லை.

நம்மவர் நூலாராய்ச்சியால் நடத்திய இவ்வழக்கினை மேனாட்டார் கருவிகளைக் கொண்டு நடத்தினர். 1643-ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு டாரிசெல்லி, ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசத் தொட்டியிற் கவிழ்த்தார். பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட, அதன்மேல் குழாயிற் காற்றில்லாத ஓரிடம் உண்டாயிற்று. இயற்கையில் வெற்றிடமே உண்டாகாது என்று அரிஸ்டாட்டில் காலந்தொட்டுக் கூறிவந்தோர் திகைத்தனர். ஆங்கில நாட்டு ராபர்ட் பாயில் 1660-இல் வெளியிட்ட நூலில், கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை இறைத்து வெளியேற்ற வெளியேற்ற, உள்ளிருந்த ஒலி தேய்ந்துபோயிற்று என்று எழுதினார்.

இங்கு நாம் சற்றே நிற்றல் வேண்டும். ஆகாயத்தின் குணம் ஓசை என்பது நம் நூற்றுணிபு. காற்றை நீக்கிய வெளியில் ஓசை இல்லை என்பது எவரும் செய்து பார்க்கத்தக்க சோதனை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அஞ்சி, ஒன்றை மறைத்து ஒன்றைப் பேசுதல் நேர்மையாகாது. சோதனை மெய்யே. காற்றில்லாக் கலத்தில் மணி ஒலிப்பது கேளாது. ஆயின் தத்துவக் கணக்கு எதனை எண்ணுகின்றது என்று நோக்கினால் முரண் பெரிதும் குறைகின்றது. செவி, மெய், கண், நாக்கு, மூக்கு என அறிகருவிகள் ஐந்து. அவை பற்றும் புலன்கள் ஐந்து. அப்புலன்களுக்கு நிலைக்களமாகிய பூதங்கள் ஐந்து. அறிவோனிடமிருந்து புறப்பட்டு உலகத்தை எண்ணும் முறை இது. ஒலியலை எப்பொருளின் வழியே எத்துணை வேகத்தில் செல்கின்றது என்று அளத்தல் அதன் நோக்கமன்று. மேலும் காற்றிற்கு ஓசை, ஊறு என்னும் இரண்டும் உண்டு, தீக்கு மூன்று, நீருக்கு நான்கு, நிலத்திற்கு ஐந்து என்று அதே நூல்கள் கூறுதலின், நாம் கேட்கும் ஒலி காற்றின் வழியே வருதல் நம் கொள்கைக்கு மாறன்று. இவ்வளவே நாம் சொல்லத்தக்கது. ஒலியலை பற்றிய இன்றைய இயற்பியல் முழுவதும் நம் நூல்களில் முன்னரே உண்டு என்று அடித்துப் பேசுவது அந்நூல்களுக்கும் பெருமை தாராது.

மீண்டும் வெளிக்கு வருவோம். காற்றை நீக்கினால் எஞ்சுவது முழு வெறுமையா? நம் கைப்பிடியிலுள்ள காற்றின் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் அதே அளவிற்குச் சராசரி ஓரணுவே தேறும். விண்மீன் மண்டலங்களுக்கு நடுவிலோ ஒரு கன மீட்டருக்கும் ஓரணு தேறுவதில்லை. ஆயினும் அங்கும் ஒளி நிரம்பியிருக்கின்றது. 1965-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் வெளியிட்ட கண்டுபிடிப்பின்படி, எத்திசை நோக்கினும் ஒருபடித்தாக ஒரு மெல்லிய கதிர்வீச்சு வந்துகொண்டிருக்கின்றது. அதன் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே ஏறத்தாழ 270 பாகை. அதன் ஒளித்துகள்கள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 400 அளவில் எங்கும் பரந்துள்ளன. இவையன்றிக் கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், நம் விரல்நகமளவான இடத்தை நொடிதோறும் 6,000 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஊடுருவிச் செல்கின்றன. நகத்திற்கு ஒரு செய்தியும் தெரிவதில்லை.

இவையெல்லாம் வெளியில் இருக்கும் பொருள்களேயன்றி வெளி அன்று, இவற்றையும் நீக்கினால் என்னவாம் எனின், இதுவே நேரிய தடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளி அலையாகச் செல்வதற்கு ஈதர் என்னும் நுண்பொருள் வெளி முழுதும் நிறைந்திருத்தல் வேண்டும் என்று கருதினர். நம் நாட்டினர் சிலர் ஈதரே ஆகாயம் என்று மகிழ்ந்து எழுதவும் செய்தனர். 1887-இல் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் நிலவுலகம் ஈதரின் ஊடே செல்வதை அளக்க முயன்றனர். அதற்கு அறிகுறி சிறிதும் கிட்டவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் ஈதர் வேண்டா என்று விலக்கிவிட்டார். அன்று ஈதரோடு ஆகாயத்தைப் பிணைத்தோர் நிலை என்னாயிற்று என்பதை இன்று எழுதுவோரும் பேசுவோரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆனால் அதே ஐன்ஸ்டைன் 1915-இல் நிறைவு செய்த கொள்கை வெளிக்கே இயல்புகளைத் தந்தது. பெரும்பொருள் அருகிருந்தால் வெளியும் காலமும் வளையும். அவ்வளைவே நாம் ஈர்ப்பு என்று அறிவது. 1919 மே 29-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனை ஒட்டி வந்த விண்மீன் ஒளி வளைந்து வந்தமையை எடிங்டன் முதலியோர் படம்பிடித்து அளந்தனர். 1920-இல் லேடன் நகரில் ஆற்றிய உரையில், இயல்புகள் உடையது என்னும் பொருளில் வெளியை ஒருவகை ஈதர் எனலாம் என்று ஐன்ஸ்டைன் தாமே கூறினார். பின்னர் 2015 செப்டம்பர் 14-இல், நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இரு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த அதிர்வு வெளியின் வழியே வந்து நம்மைக் கடந்து சென்றது. நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளையுடைய இரு கருவிகள் அமெரிக்காவில் அதனைப் பதிவு செய்தன. அக்கைகளின் நீளம் மாறிய அளவு அணுவின் உட்கருவினும் மிகச் சிறியது. மாறியது கையில் இருந்த பொருளன்று. வெளியே நீண்டு குறுகியது. அவ்வதிர்வெண் மனிதச் செவியின் எல்லைக்குள் அமைந்திருந்தமையால் அறிஞர் அதனை ஒலியாக மாற்றிக் கேட்பித்தனர். ஆகாயத்தின் ஓசை கிடைத்துவிட்டது என்று அன்பர் சிலர் அப்பொழுது ஆர்ப்பரித்தனர். அது கருவி மொழிபெயர்த்த ஒலி என்பதை மறவாமல் மகிழலாம்.

அணுவினும் நுண்ணிய அளவில் வெளியை நோக்கியோர் கண்டது இன்னும் வியப்புடையது. எல்லாவற்றையும் நீக்கினாலும் வெளியில் ஒரு சிறு துடிப்பு நீங்குவதில்லை. 1947-இல் லாம்ப், ரெதர்ஃபோர்டு என்பார் ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளில் ஒரு நுண்ணிய பிறழ்ச்சியை அளந்தனர். வெற்றிடத்தின் துடிப்பே அதற்குக் காரணம் என்று விளக்கப்பட்டது. மறு ஆண்டில் டச்சு நாட்டுக் காசிமிர், வெற்றிடத்தில் இரு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக நிறுத்தினால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று கணித்தார். 1997-இல் அவ்விழுப்புத் தெளிவாக அளக்கப்பட்டது. தகடுகளுக்கு நடுவே இருப்பது சுத்த சூனியமாயின் அளப்பதற்கு அங்கு என்ன உண்டு?

ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலவறை வளையத்தில் நுண்துகள்களை மோதவிடுகின்றனர். அத்துகள்கள் ஓடும் குழாய்களை உலகிலேயே மிகுந்த வெறுமையுடைய இடங்களுள் ஒன்றாக ஆக்கி வைத்துள்ளனர். அவ்வெறுமையில் துகள்களை மோதவிட்டு, வெளி முழுதும் பரந்து நின்று துகள்களுக்குப் பொருண்மை தரும் ஹிக்ஸ் புலத்தின் அறிகுறியை 2012 சூலை 4-இல் அறிவித்தனர். வெளியை வெறுமையாக்கப் பெருமுயற்சி செய்தவர்களே அது நிறைந்திருப்பதற்குச் சான்றும் கண்டனர். அக்கூடத்தின் வளாகத்தில் இந்திய அரசு அளித்த இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசப் பெருமானின் செப்புத் திருமேனி 2004-இல் நிறுவப்பட்டது. ஆனால் அதனை நம் கொள்கைக்கு அவர்கள் எழுதித்தந்த ஒப்புதல் முறி என்று கொள்ளுதல் பொருந்தாது. அஃது ஒரு நாட்டின் நட்புக் கொடை.

வெறுமை இல்லை என்பது ஒருவாறு பெறப்பட்டது. இனி, வெளிக்குத் தோற்றம் உண்டோ?

1927-இல் பெல்ஜிய நாட்டுப் பாதிரியாராகிய லெமேத்ரும், 1929-இல் அமெரிக்க வானநூலாராகிய ஹபிளும், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகிச் செல்வதையும், தொலைவு மிகுதோறும் விலகும் வேகமும் மிகுவதையும் எடுத்துக்காட்டினர். அவை வெளியினுள் ஓடுகின்றன என்பது பொருளன்று. இடைப்பட்ட வெளியே விரிகின்றது. ஆப்பத்திற்குக் கரைத்த மாவில் மிளகுகளைத் தூவி வைத்தால், மாவு புளித்துப் பொங்கும்பொழுது மிளகுகள் நடவாமலே ஒன்றையொன்று விட்டு அகலும் அன்றோ? அதுபோன்றது இது. இவ்விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் மிகச் செறிந்து வெதும்பிய ஒரு நிலையை அடைகின்றோம். முன்னர்க் கூறிய எங்கும் பரந்த கதிர்வீச்சு அவ்வெப்பத்தின் எச்சம். பெருவெடிப்பு என்று இதற்கு வழங்கும் பெயர் தவறான ஓவியத்தைத் தருகின்றது. இருண்ட வெளியின் நடுவே வெடித்த வெடியன்று அது. வெடிப்பதற்கு வெளியில் ஓரிடம் இல்லை, விரிந்ததே வெளிதான். அதற்கு முன் என்ன என்று கேட்டால், அந்தத் தொடக்க நொடியின் மிகச்சிறு கூற்றுக்கு அப்பால் இன்றைய கணிதம் செல்ல மாட்டாது நின்றுவிடுகின்றது.

இவ்விடத்தில் சைவம் கூறும் வரிசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டினையும் சொல்லிவிடுவோம். வெளியும் காலமும் பிரிக்கவொண்ணாத ஒரே நெசவு என்பது இன்றைய அறிவியல். நம் நூல்களிலோ காலம் அசுத்த மாயையிலிருந்து முன்னரே தோன்ற, ஆகாயம் பலபடி இறங்கிய பின்னர்த் தோன்றும். இரண்டும் தோற்றமுடையவை என்பதில் ஒற்றுமை உண்டு, முறையில் இல்லை.

1982-இல் விலென்கின் என்னும் அறிஞர், வெளி தானும் இல்லாத நிலையினின்று, அதாவது சூனியத்திலிருந்து, ஓர் அண்டம் தோன்றக்கூடும் என்று கணித வழியில் ஒரு கட்டுரை வரைந்தார். கடவுள் வேண்டா என்பதற்கு இதனைக் காட்டுவாரும் உளர். இல்லாத பொருள் தோன்றாது. உள்ள பொருள் அடியோடு அழியாது என்னும் சற்காரியவாதமே சித்தாந்தத்தின் அடிக்கல். ஆதலின் சித்தாந்தி இங்கு ஒரு கேள்வி கேட்பான்: அச்சூனியத்தில் அண்டம் தோன்றுதற்குரிய விதிகள் இருந்தனவா, இல்லையா? விதிகளும் இல்லையெனின் கணக்கும் இல்லை. விதிகள் இருந்தன எனின் அது சூனியம் அன்று. தோன்றாநிலையில் ஒரு காரணம் அங்கே இருந்தது. அவ்வாறு காணப்படாமல் நின்று காரியமாய் விரியும் முதற்காரணத்தையே மாயை என்று நம்மவர் பெயரிட்டனர். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகிற்கு மாயை முதலும், சத்தி துணையும், சிவன் நிமித்தமும் ஆம். மாயை என்றால் பொய் என்று பிறர் கொண்ட பொருளை ஈண்டு நுழைத்தல் கூடாது. சைவத்தில் அஃது உள்பொருள். விலென்கினின் கணக்கு மாயையை நிறுவிவிட்டது என்றும் நாம் சொல்ல வரவில்லை. சூனியம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கோயிற்கதவைச் சாத்த வேண்டியதில்லை என்பதே நாம் காட்டியது.

வெளியின் முடிவு பற்றியும் இரு நெறிகளும் பேசுகின்றன. 1998-இல் இரு குழுவினர் தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புகளை அளந்து, அண்டத்தின் விரிவு மேன்மேலும் விரைவுபடுகின்றது என்று கண்டனர். வெளியோடு ஒட்டிய ஏதோ ஓர் ஆற்றல் அதற்குக் காரணம் என்பர். அதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். ஒரு கன மீட்டருக்கு மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்கு நிகரான இச்சிற்றளவே, அண்டத்தின் மொத்தக் கணக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்காகின்றது. வெற்றிடத்தின் துடிப்பிலிருந்து இவ்வளவைக் கணித்துப் பெற முயன்றோர்க்கோ, ஒன்றின்பின் 120 பூச்சியங்கள் இட்டாற்போன்ற பெருக்கத்தில் விடை பிழைத்துவிட்டது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அளவைகள், அவ்வாற்றல் காலந்தோறும் மாறுவதாக இருக்கலாம் என்னும் ஐயத்தை எழுப்பியுள்ளன. ஆதலின் வெளி என்றென்றும் விரியுமோ, ஒருநாள் மடங்குமோ என்னும் வழக்கில் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. சைவ நூல்களில் முடிவு ஐயமின்றிக் கூறப்படுகின்றது. தோன்றிய வரிசைக்கு எதிர்வரிசையில், நிலம் முதலியன தத்தம் காரணத்தில் ஒடுங்க, ஆகாயமும் ஓசைத் தன்மாத்திரையில் ஒடுங்கும். அதுவும் மேலே மேலே சென்று மாயையில் அடங்கும்.

அங்ஙனமாயின் ஒரு பெருந்தடை எழுகின்றது. தில்லைக்கூத்தன் ஆடுவது ஆகாயத்தில் என்கின்றோம். ஆகாயம் ஒடுங்கிவிட்டால் கூத்து எங்கே நிகழும்? ஆடுதற்கு இடமில்லாமற் போன பெருமான் தாளைத் தூக்குவது எதில்?

இத்தடைக்கு விடை அத்தலத்தின் பெயரிலேயே உள்ளது. சித் அம்பரம் என்பது அறிவு வெளி எனப் பொருள்படும். அது பூத ஆகாயமாகிய சடவெளி அன்று. மாயையிற் பிறந்து மாயையில் ஒடுங்கும் வெளி, மாயைக்கு அப்பாற்பட்டவனுக்கு அரங்காக மாட்டாது. பெருமானின் திருவருட் சத்தியே அவனுக்கு அம்பலம். அது அவனின் வேறன்று. பின் ஏன் அதற்கு வெளி என்னும் பூதத்தின் பெயர் வந்தது எனின், அது தொழிலால் வந்த பெயர். பூத ஆகாயம் உடம்புகளுக்கும் உலகங்களுக்கும் வேறுபாடு பாராது இடங்கொடுக்கின்றது. கல்லையும் ஏற்கின்றது, கற்பூரத்தையும் ஏற்கின்றது. தான் ஒதுங்கித் தோன்றாது நிற்கின்றது. அருள்வெளியும் அவ்வாறே ஆணவத்தால் அடைபட்டுக் கிடக்கும் உயிர்களுக்கு இடங்கொடுத்துத் தான் தோன்றாது நிற்கின்றது. உமாபதி சிவம் தில்லையிலேயே வாழ்ந்து சிவப்பிரகாசத்தையும் கோயிற் புராணத்தையும் அருளிச்செய்தவர். கூத்தினையும் தத்துவத்தையும் ஒருங்கே எழுதிய அப்பெருமான் காலத்தும், அங்குள்ள பொன்னம்பலத்திற்கு மதிப்பு அதன் பொன்னால் வந்ததன்று.

ஆகவே, "ஒன்றுமில்லாமையே கடவுள்" என்று திரையருகே சொல்லிய அன்பர்க்கு, அத்திரைக்குப் பின்னுள்ள வெளி ஒன்றுமில்லாமையும் அன்று, கடவுளும் அன்று என்று மெல்லச் சொல்லுவோம். அது தோன்றிய பொருள். நமக்கு நிற்க இடந்தரும் பொருள். "ஒன்றுமில்லாததற்குத் தீபம் எதற்கு?" என்று கேட்ட பிள்ளையை வைதல் வேண்டா, அவன் கேட்டது உலோகாயதன் கேட்ட பழைய கேள்வி, அருணந்தியார் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி. தீட்சிதர் காட்டும் தீபத்தின் ஒளி அவ்வெளியின் வழியேதான் அவன் கண்ணை வந்தடைகின்றது. பொன் வில்வங்கள் அவ்வெளியில்தான் தொங்குகின்றன. அவ்வில்வங்கள் யாருடைய திருமேனிக்குச் சாத்தப்பட்டவை என்று அவன் அடுத்துக் கேட்பானாயின், அவனைக் கையைப் பிடித்துக் கூத்தப்பெருமான் திருமுன் அழைத்துச் செல்லலாம். இரண்டு திருமுன்களுக்கும் இடையே சில அடித் தொலைவே உள்ளது.

திருச்சிற்றம்பலம்.